நினைவுப் பதக்கம்: 'மெடல்' என்ற சொல்லும் அதன் தமிழும்

ஒரு பக்கம் அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சனின் முகம், மறுபக்கம் பற்றிக்கொண்ட இரண்டு கைகள், செய்த உலோகம் வெள்ளி. இப்படி ஒன்றைப் பற்றித் தமிழில் எழுதும்போது பலரும் 'வெள்ளி நாணயம்' என்று போட்டுவிடுகிறார்கள். அது நாணயம் இல்லை. நாணயம் என்றால் முகமதிப்பு இருக்க வேண்டும், கடையில் செல்ல வேண்டும். அண்ணா நூற்றாண்டையொட்டி 2009இல் வந்த 5 ரூபாயில் அவர் முகமும் தமிழ்க் கையெழுத்தும் உண்டு. ஆனாலும் அதைக் கொடுத்துப் பொருள் வாங்கலாம். ஆகவே அது நினைவு நாணயம். ஜெபர்சன் வெள்ளியில் அப்படி மதிப்பு எதுவும் பொறிக்கவில்லை. அது மெடல்.

மெடல் என்ற சொல் இத்தாலிய 'மெடாலியா'விலிருந்து வந்தது. அதன் வேரைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. உலோகத்தைக் குறிக்கும் 'மெட்டல்' என்ற சொல்லின் இலத்தீன் மூலமே இதற்கும் மூலம் என்பது ஒன்று. 'பாதி' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. இடைக்கால இத்தாலியில் அரைக் காசுக்கு மெடாலியா என்றுதான் பெயர். புழக்கம் போன பழங்காசுகளையும் பிறகு அப்படி அழைத்தார்கள், அப்புறம் காசைப் போலச் செய்த நினைவுப் பொருளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே இன்று நாம் குழம்புவதற்குச் சொல்லின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது.

ஆட்சியாளர் முகத்தைப் பதக்கத்தில் பதிக்கும் மரபுக்கு முன்னோடி பிசனெல்லோ என்ற இத்தாலிய ஓவியர். 1438இல் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜான் பாலியோலோகோஸ் திருச்சபைப் பேரவைக்காக பெராரா நகருக்கு வந்தார். அவரைப் பக்கவாட்டில், உயர்ந்த கூர்முனைத் தொப்பியோடு வடித்து, பின்புறம் குதிரைமேல் காட்டி, உலோகத்தில் வார்த்தார் பிசனெல்லோ. தொடக்ககாலப் பதக்கங்களில் பெரும்பாலானவை இப்படி வார்த்தவை. அச்சில் வைத்து அடிப்பது பிறகு பரவியது.

இப்போது தமிழுக்கு வருவோம். பதக்கம் என்பது முதலில் நகை: கல் பதித்து, சங்கிலியிலோ ஆரத்திலோ கோத்து மார்பில் தொங்கவிடுவது. நகைக்கடையில் இன்று டாலர் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். வடமொழி 'பதக'த்தோடு இதை இணைக்கிறது தமிழ்ப் பேரகராதி. மெடலுக்கு இந்தியில் இன்றும் 'பதக்' என்கிறார்கள். வடசொல் என்பதற்காக இதைத் தள்ளிவிட்டு வேறொன்றை உருவாக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழர் நகைப்பெட்டியில் தலைமுறை தலைமுறையாக இருந்து ஊறிய சொல் இது.

கழுத்தில் தொங்குவது என்ற அந்தப் பழைய பொருள் ஜெபர்சன் பதக்கத்துக்கு அப்படியே பொருந்துகிறது. அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர்களுக்கு அரசு கொடுத்த அமைதிப் பதக்கங்களில் ஒன்று அது. மிகப் பெரியது ஏறத்தாழ 105 மில்லிமீட்டர் அகலம். மெல்லிய வெள்ளித் தகடுகள் இரண்டைச் சேர்த்து, ஓரத்தில் வெள்ளி வளையம் கட்டியிருப்பார்கள், உள்ளே வெற்றிடம். பின்புறம் கைகளுக்கு மேலே புகைக்குழாயும் கைக்கோடரியும் குறுக்கே கிடக்கும், 'அமைதியும் நட்பும்' என்ற வாசகம் இருக்கும். ஜெபர்சன் அனுப்பிய ஆய்வுப் பயணிகள் லூயிஸும் கிளார்க்கும் 1804இல் மேற்கே கிளம்பியபோது இவற்றைக் கொண்டுபோய், சந்தித்த இனத் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள்.

அதற்கு முன்னால், முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் காலத்தில் முட்டை வடிவில், கையால் செதுக்கிக் கொடுத்தார்கள். பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான செனிக்கா மக்களின் தலைவர் ரெட் ஜாக்கெட் 1792இல் பெற்றதை, மார்பில் அது தெரியும்படியே அவரை வரைந்த ஓவியங்களில் பார்க்கலாம். நெடுங்காலம் அருங்காட்சியகத்தில் இருந்த அந்தப் பதக்கம் 2021இல் செனிக்கா மக்களிடமே திரும்பியது. அவர்கள் நிலம் கைமாறிய வரலாற்றை அறிந்தவர்களுக்கு, 'நட்பு' என்று பொறித்த பதக்கங்களை வெறும் சேகரிப்புப் பொருளாகப் பார்க்க மனம் வராது.

சேகரிப்பவர்களுக்கென்றே அடித்தவை வேறு வகை. 1964இல் தொடங்கிய பிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நிறுவனம் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களை வரிசையாக வெள்ளியில் அடித்துப் பேழையில் வைத்து விற்றது. அவை 92.5 விழுக்காடு தூய்மையுள்ள ஸ்டெர்லிங் வெள்ளி. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்சு 50 டாலரை நெருங்கியபோது, இப்படிப்பட்ட பதக்கங்கள் நிறைய உருக்கப்பட்டுவிட்டன.

சரி, இவற்றைத் தமிழில் எப்படி எழுதலாம்? 'வெள்ளிப் பதக்கம்' என்று மட்டும் எழுதினால் போட்டியில் இரண்டாம் இடம் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். 'வெள்ளி நினைவுப் பதக்கம்' என்றால் ஐயம் வராது. காதோ வளையமோ இல்லாமல் பேழையில் வைப்பதற்கென்றே அடித்ததை 'நினைவு வில்லை' என்றும் சொல்லலாம். வில்லை என்பது வட்டத் தகடு, அடையாள வில்லை அணிந்த பணியாளை முன்பு வில்லைச் சேவகன் என்றார்கள். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் புதுச்சொல் தேட வேண்டாம், பூவா தலையா போடுகிறவர்களிடம் இரண்டுக்கும் சொல் இருக்கிறது.