வரி வாங்கினால் அங்கீகாரம் ஆகிவிடுமா? இ-ரூபாயும் கிரிப்டோவும் பற்றிச் சேலத்தில் கேட்கும் கேள்விகள்

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் வருமான வரிக் கணக்கு கொடுக்க எங்களிடம் வருவார். போன முறை எல்லாம் முடிந்து எழுந்தவர், கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டு கேட்டார்: "தம்பி, பையன் ஏதோ காயின் வாங்கி வித்திருக்கானுங்க. அதுக்கு முப்பது பர்சன்ட் வரியாம். வரி புடிக்கறாங்கன்னா கவர்மென்டே ஒத்துக்கிச்சுன்னு தானுங்களே அர்த்தம்?"

"அந்த அர்த்தம் இல்லைங்கண்ணா" என்று சொல்லி மறுபடி உட்கார வைத்தேன். மார்ச், ஜூலை மாதங்களில் இதே கேள்வியை வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. 'டிஜிட்டல் பணம்' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று தனித்தனி சமாச்சாரங்கள் இருக்கின்றன. லீ பஜார் மளிகைக் கடையில் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து அனுப்புகிறோமே, அது யுபிஐ. அங்கே பணம் புதிதில்லை. வங்கிக் கணக்கில் இருக்கும் பழைய ரூபாயே ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போகிறது. இரண்டாவது, ரிசர்வ் வங்கியே வெளியிடும் இ-ரூபாய். இது நோட்டுதான், காகிதத்தில் இல்லாமல் போனுக்குள் இருக்கிறது, அவ்வளவே. மூன்றாவது பிட்காயின் வகையறா, அதாவது கிரிப்டோ. அதை எந்த அரசும் வெளியிடவில்லை. அதற்குப் பின்னால் ரிசர்வ் வங்கியின் உறுதிமொழியும் கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சட்டத்தின் முழு ஆதரவும் இரண்டாவதுக்கு இருக்கிறது. ஊரில் பேச்செல்லாம் மூன்றாவதைப் பற்றியே நடக்கிறது.

முதலில் இ-ரூபாயைப் பார்ப்போம். 2022 பிப்ரவரி 1 அன்று பட்ஜெட்டில் இதை அறிவித்தார்கள். அந்த ஆண்டின் நிதிச் சட்டம் மூலம் 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, 'வங்கி நோட்டு' என்றால் டிஜிட்டல் வடிவில் வெளியிட்டதும் அடங்கும் என்று சேர்த்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தால் உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு உள்ள அந்தஸ்து இதற்கும் வந்துவிட்டது. 2022 நவம்பர் 1-இல் பெரிய நிறுவனங்களுக்கான மொத்த வகையும், டிசம்பர் 1-இல் நம்மைப் போன்றவர்களுக்கான சில்லறை வகையும் சோதனை முறையில் தொடங்கின. சில்லறை வகை முதலில் மும்பை, டெல்லி, பெங்களூரு, புவனேஸ்வர் ஆகிய நான்கு நகரங்களில் ஓடியது. ஸ்டேட் பாங்க், ஐசிஐசிஐ, யெஸ் பாங்க், ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் என்று நான்கு வங்கிகள் முதலில் வந்தன. மற்ற வங்கிகள் பிறகு சேர்ந்தன.

எடுப்பது கஷ்டமில்லை. உங்கள் வங்கி இதில் சேர்ந்திருந்தால் அதன் இ-ரூபாய் செயலியை இறக்கி, கணக்கில் பதிந்த எண்ணுள்ள சிம் இருக்கும் போனில் பதிவு செய்து, கணக்கிலிருந்து தேவையான தொகையை வாலட்டுக்கு (போனுக்குள் இருக்கும் பணப்பைக்கு) ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஏடிஎம்மில் பணம் எடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டு, நாணயம் என்ன மதிப்புகளில் இருக்கிறதோ அதே மதிப்புகளில் இதுவும் இருக்கும். கடைக்காரரிடம் தனி இ-ரூபாய் வாலட் இல்லை என்றாலும் கவலையில்லை. அவருடைய யுபிஐ கியூஆரையே ஸ்கேன் செய்யலாம், தொகை அவர் வங்கிக் கணக்கில் போய் விழும். 2023-இல் செய்த இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இ-ரூபாயைச் சீந்த ஆள் இருந்திருக்காது.

வட்டி கிடையாது. பீரோவில் வைத்த நோட்டு குட்டி போடுமா? அதே கதைதான். வங்கி திவாலானால் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டே, இதற்கு உண்டா என்று சேமிப்பில் கவனமான ஒரு அம்மா கேட்டார். இ-ரூபாய் வங்கி தர வேண்டிய கடன் இல்லை, நேரடியாக ரிசர்வ் வங்கியின் பொறுப்பு. எனவே அந்தக் காப்பீட்டுக்கே இங்கே வேலையில்லை.

சரி, மக்கள் ஏற்றுக்கொண்டார்களா? 2024 மார்ச் இறுதியில் புழக்கத்தில் இருந்த இ-ரூபாய் சுமார் 234 கோடி. ஒரு வருடம் கழித்து 2025 மார்ச்சில் 1,016 கோடி. நான்கு மடங்குக்கு மேல் என்று தலைப்புச் செய்தி போடலாம். அதே நேரத்தில் புழக்கத்தில் இருந்த காகித நோட்டுகளின் மதிப்பு 36 லட்சம் கோடிக்கு மேல். நூறு ரூபாய்க்கு மூன்று பைசா கூட வரவில்லை. யுபிஐ 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அது இவ்வளவு சுலபமாக, கடைக்காரருக்குக் கட்டணமும் இல்லாமல் ஓடும்போது, இன்னொரு செயலியை எதற்கு இறக்க வேண்டும் என்று ஜனங்கள் நினைப்பதில் தப்பில்லை. என் போனிலும் இ-ரூபாய் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு டீ செலவுக்குத்தான் திறக்கிறேன்.

இது நிஜமாகவே உதவக்கூடிய இடம் என்று எனக்குத் தோன்றுவது மலைமேல்தான். ஏற்காட்டில் ஏரிப் பக்கம் சிக்னல் பிரச்சினை இல்லை. காபித் தோட்டங்களுக்குள்ளும் மடிப்பு மடிப்பாக இறங்கும் கிராமங்களிலும் நிலைமை வேறு. மிளகு வாங்கப் போனவர் யுபிஐ சுற்றிச் சுற்றி நிற்பதைப் பார்த்துக் கடைசியில் நோட்டைத்தான் எடுப்பார். இணையம் இல்லாமலே ஒரு வாலட்டிலிருந்து இன்னொரு வாலட்டுக்கு மாற்றும் ஆஃப்லைன் வசதியை 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்தியது. இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டிப் பணம் மாற்றுவது அதில் ஒரு முறை. அது கூலி கொடுக்கும் மேஸ்திரி கைக்கும் வாங்கும் ஆள் கைக்கும் வந்து சேர்ந்தால் மலையில் இதன் மதிப்பு மாறும்.

இனி அண்ணனின் மகன் விஷயம்.

கிரிப்டோவை வாங்குவதும் வைத்திருப்பதும் இந்தியாவில் குற்றம் இல்லை. வங்கிகள் இந்தத் தொழிலுக்குச் சேவை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் போட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்துவிட்டது. அதற்காக அது பணமாகிவிடவில்லை. கொலுசுக்குக் கூலியாகக் காயின் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சட்டம் இதை 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்ற பெயரில்தான் பார்க்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் 2025 அக்டோபரில் கிரிப்டோ ஒருவகைச் சொத்து, ஒருவர் அதை உடைமையாக வைத்திருக்க முடியும் என்று சொன்னது. சொத்து என்றால் திருடு போனால் வழக்குப் போடலாம். நாணயம் என்பது வேறு.

வரிக்கும் அங்கீகாரத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே 2022 பிப்ரவரியில் மாநிலங்களவையில் விளக்கினார்: வரி போடுவது அரசின் உரிமை, தடை செய்வதா வேண்டாமா என்பது தனி முடிவு. லாட்டரிப் பரிசுக்கும் 30 சதவீதம் வரி உண்டு. நம் மாநிலத்தில் லாட்டரிச் சீட்டு விற்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

வரிக் கணக்கு எப்படி வரும் என்று மகனின் போனை வாங்கிப் பார்த்தோம். எண்களைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஒரு காயினை 40,000 ரூபாய்க்கு வாங்கி 70,000-க்கு விற்றிருக்கிறான். லாபம் 30,000. இன்னொன்றில் 25,000 நஷ்டம். மிச்சம் ஐயாயிரம், அதற்கு வரி ஆயிரத்து ஐந்நூறு என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். விதி அப்படி இல்லை. ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. முழு 30,000-க்கும் 30 சதவீதம், அதாவது 9,000. அதன் மேல் 4 சதவீத செஸ் (வரித் தொகையின் மேல் போடும் கூடுதல் வரி) 360. ஆக 9,360. கையில் நின்ற லாபம் ஐயாயிரம், கட்ட வேண்டியது ஒன்பதாயிரத்துச் சொச்சம்!

"அவனுக்கு வேற வருமானமே இல்லைங்களே, பன்னெண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னாங்க" என்றார் அண்ணன். அந்தச் சலுகை இந்த வருமானத்துக்குப் பொருந்தாது. அடிப்படை விலக்கு வரம்பும் பொருந்தாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்கவும் முடியாது. ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினாலும் விற்றதாகவே கணக்கு.

இது தவிர 2022 ஜூலை 1 முதல் விற்கும்போதே விற்ற தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரி, பிடிக்கிறார்கள். இந்திய எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விற்க உதவும் நிறுவனம்) வழியாக விற்றால் அவர்களே பிடித்துவிடுவார்கள். 70,000-க்கு 700 பிடித்திருந்தார்கள். 9,360-இல் அது கழிந்துபோகும். நண்பனுக்கு நண்பன் நேரடியாக விற்றால் வாங்குகிறவர் பிடித்துக் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை, சிலருக்கு 10,000 வரை விலக்கு உண்டு. 2023 மார்ச் 7 முதல் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழும் வந்துவிட்டன. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிய வேண்டும், வாடிக்கையாளர் விவரம் வைத்திருக்க வேண்டும். சின்னத் தொகை, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 'ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாயில் முதலீடு, மாதம் 10 சதவீதம்' என்று வாட்ஸ்அப் குழுவில் வந்ததை என்னிடமே காட்டினார்கள். இ-ரூபாய்க்கு வட்டியே கிடையாது என்று மேலே சொன்னதை நினைவில் வைத்தால் இது பித்தலாட்டம் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். இதில் ஆள் சேர்க்க வருபவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ பக்கத்துத் தெருக்காரராகவோ இருப்பதுதான் கொடுமை. அவரும் பணம் போட்டு ஏமாந்தவராகத்தான் இருப்பார். பணம் போய்விட்டால் அன்றைக்கே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் வங்கியில் தொகையை நிறுத்திவைக்க வழி உண்டு. டெபாசிட் என்று சொல்லி வாங்கியிருந்தால், 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸிலும் புகார் தரலாம்.

மகனுக்கு ஐடிஆர்-1 படிவம் ஆகாது, அதில் இந்தச் சொத்துக்கான அட்டவணையே இல்லை. ஐடிஆர்-2 எடுத்து, வாங்கிய தேதி, விற்ற தேதி, விலை எல்லாம் ஒவ்வொன்றாக நிரப்பினோம். மீதி வரி 8,660 ரூபாய். அண்ணன் அதை யுபிஐயில்தான் கட்டினார்.