இருபது கிலோ அரிசியும் முறியும் கோடும்

தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டு ரேஷன் அரிசியின் விலை கிலோ 2 ரூபாயாக இருந்தது. 2008-இல் அது 1 ரூபாயாகி, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசியானது. விலை குறைந்தால் நுகர்வு கூடும் என்ற தேவை விதியை மட்டும் கற்றவர், அரிசி இலவசமானதும் வீடுகளில் கூடுதலாக உலை வைத்திருப்பார்கள் என்று எண்ணக்கூடும். அது ஏன் அப்படி நடக்க வேண்டியதில்லை என்பதைக் கல்லூரியின் இடைநிலை நுண்பொருளியல் பாடத்தில் வரும் வரவு செலவுக் கோடு, அதாவது கையிலுள்ள வருமானத்தில் எதை எவ்வளவு வாங்க முடியும் என்பதைக் குறிக்கும் கோடு, தெளிவாகக் காட்டுகிறது.

கிடை அச்சில் மாத அரிசியையும், செங்குத்து அச்சில் மற்றச் செலவுகளுக்கு மிஞ்சும் பணத்தையும் குறித்துக்கொள்வோம். மாத வருமானம் 12,000 ரூபாய், கடை அரிசி கிலோ 50 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ரேஷன் இல்லாத குடும்பத்தின் கோடு 12,000-இல் தொடங்கி, கிலோவுக்கு 50 ரூபாய் வீதம் சரிந்துகொண்டே போகும். 20 கிலோ இலவசமாகக் கிடைக்கும்போது, கோடு அதுவரை கிடையாகச் சென்று, அங்கே முறிந்து, பழைய சரிவிலேயே இறங்குகிறது.

அந்த முறிவுக்கு எந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதே முக்கியம். மாதம் 35 கிலோ சமைக்கும் வீட்டுக்கு 21-ஆவது கிலோவின் விலை அன்றும் 50 ரூபாய், இன்றும் 50 ரூபாய். ஆகவே இலவச அரிசி அவர்களுக்கு 1,000 ரூபாய் கூடுதல் வருமானமாகவே வேலை செய்து, பருப்பாகவோ பிள்ளையின் நோட்டுப் புத்தகமாகவோ மாறிவிடுகிறது. 1 ரூபாய் அரிசி இலவசமானதால் அவர்களுக்கு மிஞ்சியது மாதம் 20 ரூபாய்தான். ஒதுக்கீட்டை 5 கிலோ கூட்டியிருந்தால் 250 ரூபாய் மிஞ்சியிருக்கும். மேடையில் பெரிதாக ஒலிப்பது விலை. குடும்பத்துக்குப் பெரிது அளவு என்றே நான் கருதுகிறேன்.

மாதம் 12 கிலோ போதும் என்றிருக்கும் முதிய தம்பதியரின் நிலை வேறு. அவர்களுக்கு அதே 1,000 ரூபாயைக் கையில் கொடுத்தால் இன்னும் மேலான சமநோக்கு வளைகோட்டை (ஒரே அளவு மனநிறைவு தரும் தேர்வுகளை இணைக்கும் கோடு; மேலே போகப் போக நிறைவு கூடும்) எட்டுவார்கள். அரிசியாகக் கொடுக்கும்போது முறிவிலேயே நின்றுவிடுகிறார்கள். மிச்ச 8 கிலோ இட்லி மாவுக்கு ஊறும், மாட்டுக்குத் தீவனமாகும், அல்லது அடிமாட்டு விலைக்குக் கைமாறும். அரிசி வேண்டாதவர்கள் கூடுதல் சர்க்கரை பெறுவதற்கு இருக்கும் சர்க்கரை அட்டை, இந்த இறுக்கத்தைச் சற்றே தளர்த்துகிறது.

அப்படியானால் பணமாகவே கொடுத்துவிடலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை தொடங்கப்பட்டது. ஆனால் நாம் வரைந்த கோடு, கடை விலை மாறாது என்ற அனுமானத்தின் மீது நிற்கிறது. விலை 60 ரூபாயானால் அந்த 1,000 ரூபாய்க்கு 17 கிலோகூடக் கிடைக்காது. 20 கிலோ அரிசியோ 20 கிலோவாகவே இருக்கும், விலையேற்றத்தின் சுமையை அரசு ஏற்கும். மேலும், ஓரிரு கடைகளே உள்ள ஊரில் எல்லோர் கையிலும் பணம் வந்தால் தேவை கூடி விலை ஏறும், வெளியிலிருந்து தானியம் வந்திறங்கினால் விலை இறங்கும். மெக்சிகோவின் கிராமங்களில் உணவுப் பொருளையும் பணத்தையும் தனித்தனியே வழங்கி ஒப்பிட்ட ஆய்விலும் உணவு வந்த ஊர்களில் விலை குறைவாக இருந்தது. அந்தக் குறைவின் பயன் உதவி எதுவும் பெறாமல் கடையில் வாங்குபவருக்கும் போய்ச் சேரும்; அதே ஊரில் விளைவித்து விற்பவருக்கு அதுவே வருமான இழப்பாகும்.