கெர்ஃப்: தமிழில் அறுவாய்

ஓர் அடி ஆழத்தில் புத்தக அலமாரி கேட்கிறார்கள். ஓர் அடி என்பது 304.8 மி.மீ. எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் ஷீட்டின் அகலம் 1220 மி.மீ. நெடுக ஓரடி அகலத்தில் நாலு பட்டை போட்டால் 1219.2. கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று, 24 பட்டைக்கு 6 ஷீட் கணக்குப் போட்டுக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஆர்டர் போகிறது. அறுத்துப் பார்த்தால் ஷீட்டுக்கு மூன்று பட்டைதான் வருகிறது. 286 மி.மீ. அகலத்தில் நெடுக ஒரு துண்டு மிஞ்சி, சுவரில் சாய்ந்து நிற்கிறது. இன்னும் 2 ஷீட் மலையேறி வந்தாக வேண்டும்.

மரம் எங்கே போனது? கடையிலிருந்து வரும் ஷீட்டின் ஓரம் லாரியில் அடிபட்டு நைந்திருக்கும். இரு பக்கமும் 5 மி.மீ. எடுத்துச் சீராக்கினால் 1210 மிஞ்சும். நாலு பட்டைக்கு நடுவில் மூன்று அறுப்பு. ஒவ்வோர் அறுப்பிலும் ப்ளேடு 3.2 மி.மீ. மரத்தைத் தூளாக்குகிறது, மூன்றுக்கு 9.6. எஞ்சிய 1200.4-ஐ நாலால் வகுத்தால் பட்டைக்கு 300.1 மி.மீ. அலமாரியின் ஆழத்தை முதலிலேயே 300 என்று வைத்திருந்தால் ஆறே ஷீட்டில் வேலை முடிந்திருக்கும். ஐந்து மில்லிமீட்டர் குறைந்ததால் எந்தப் புத்தகமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது.

அந்த 3.2 மி.மீ.க்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்தான் கெர்ஃப். ரம்பம் கடந்துபோன வழியில் மரம் இழக்கும் அகலம் என்று பொருள். மரத்தில் விழும் பிளவையும் அதே சொல்லால் சுட்டுவார்கள்.

ப்ளேடின் கனம் வேறு, கெர்ஃப் வேறு. இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஷீட் அறுக்கும் இயந்திரமான பேனல் சாவில் போடும் கார்பைடு ப்ளேடின் தட்டு 2.2 மி.மீ. இருந்தால், நுனியில் பற்றவைத்த பல் 3.2 மி.மீ. இருக்கும். பல்லும் தட்டும் ஒரே அகலமானால் தட்டு மரத்தோடு உரசிச் சூடேறும், அறுத்த முகம் கருகும். கைரம்பத்தில் இதே வேலையைப் பல் சாய்ப்பது செய்கிறது: ஒரு பல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வளைப்பார்கள். சாய்ப்பு குறைந்தால் ரம்பம் இறுகும். கூடினால் வழி அகன்று, மரமும் கையின் உழைப்பும் வீணாகும். ஈர மரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவும், உலர்ந்த கெட்டி மரத்துக்குக் குறைவாகவும் சாய்க்க வேண்டும். ஆக அளக்க வேண்டியது பல் கடந்த அகலத்தை. தட்டின் கனத்தை அல்ல.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் கிர்ஃப் என்றால் வெட்டும் செயல். செதுக்குதல் என்ற பொருளில் இன்று வழங்கும் கார்வ் என்ற வினைக்கு அது உறவு. ஜெர்மனில் வெட்டுப்பள்ளத்தைக் குறிக்கும் கெர்பெ இதன் ஒன்றுவிட்ட உடன்பிறப்பு. கிரேக்கத்தில் எழுதுதல் என்ற பொருள் தரும் கிராஃபெய்னையும் மொழியியலார் இதே வேரோடு சேர்க்கிறார்கள். கீறியதுதானே முதலில் எழுத்தானது. முதலில் செயலைக் குறித்த கெர்ஃப் என்ற சொல், போகப்போக அந்தச் செயல் விட்டுச்சென்ற வழியைக் குறித்தது. கெர்ஃப், கீறு என்ற ஒலி ஒற்றுமையை வைத்து இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்க்க வேண்டாம். தமிழ் வேரும் அந்த வேரும் வேறு.

தமிழில் என்ன சொல்வது? பட்டறையில் 'ப்ளேடு தின்னுடும், விட்டு அளவு வை' என்பார்கள். உயிருள்ள பேச்சு அது. ஆனால் அறுக்க வேண்டிய துண்டுகளின் பட்டியலான கட்டிங் லிஸ்டில் ஒரு நெடுவரிசையின் தலைப்பாக எழுத ஒரு பெயர்ச்சொல் வேண்டும். சேதாரம் என்று சிலர் எழுதுகிறார்கள். நகைக்கடையிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த நல்ல சொல்தான். ஆனால் அது மொத்த இழப்பையும் குறிக்கிறது. முடிச்சு விழுந்து ஒதுக்கிய பலகை, அளவுக்குச் சேராத துண்டு, இழைப்புளியில் போன சீவல், தூள் எல்லாமே சேதாரம். கெர்ஃப் அதில் ஒரு பங்கு மட்டுமே. பிளவு என்றால் மரம் தானாக வெடித்ததுபோல ஆகிவிடும். அறுவைத்தடம் என்று படிப்பவருக்கு ஆஸ்பத்திரித் தையல் தழும்பு நினைவுக்கு வரும்.

அறுவாய் என்பதே சரி என்பது எங்கள் முடிவு. அறு என்பது வினை. வாய் என்பது இடமும் திறப்பும். அறுபட்டுக் குறைந்த இடம். புதிதாகக் கட்டிய சொல் அல்ல. திருக்குறள் 1117-இல் 'அறுவாய் நிறைந்த அவிர்மதி' என்று வருகிறது. தேய்ந்து குறைந்த இடம் மீண்டும் நிறைந்த நிலா என்பது அதன் பொருள். முழுமையிலிருந்து தேய்ந்துபோன பங்கைச் சுட்டும் சொல் ஆகையால், தச்சு வேலைக்கு வரும்போது அதை வளைக்க வேண்டியதே இல்லை. நிலாவின் அறுவாய் நிறையும். பலகையின் அறுவாய் நிறையாது. வித்தியாசம் அவ்வளவே.

ஷீட்டில் அறுவாய் ஒரு பட்டையைத் தின்னும் என்றால், கட்டையில் அது பலகைகளையே தின்னும். நாலு பக்கமும் சதுரமாக்கிய 300 மி.மீ. கட்டை ஒன்றை 25 மி.மீ. பலகைகளாக அறுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அறுவாய் 6 மி.மீ. உள்ள வட்ட ரம்பத்தில் 9 பலகை வரும். 9 அறுப்பில் 54 மி.மீ. மரம் தூளாகும். அறுவாய் 2 மி.மீ. உள்ள பேண்ட் சாவில், அதாவது பட்டை ரம்பத்தில், 11 பலகை வரும். 11 அறுப்பில் தூள் 22 மி.மீ. மட்டும். ஒரே கட்டை, ஒரே கூலி, இரண்டு பலகை அதிகம். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் போலப் பருமன் குறைந்த கட்டைகளில் இந்த இழப்பு இன்னும் உறைக்கும். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கி மரம் வெட்ட வேண்டிய ஊரில், அந்த இரண்டு பலகையைத் தூளாக விடுவது மனதுக்கு ஒப்பவில்லை.

ஆனால் மெல்லிய ப்ளேடு எல்லா மரத்துக்கும் மருந்தல்ல. 1843-இல் நீலகிரிக்கு வந்த கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், வளரும்போதே உள்ளே இழுவிசையைச் சேர்த்து வைத்திருக்கும். அறுக்க அறுக்க அந்த இழுவிசை விடுபட்டுப் பலகை வில்லாக வளையும். வளைவு வெளிப்பக்கமாக இருந்தால் அறுவாய் திறந்துகொள்ளும். உட்பக்கமாக இருந்தால் மூடிக்கொண்டு ப்ளேடைக் கவ்வும். வட்ட ரம்பத்தில் இது நடந்தால் கட்டை ஆளை நோக்கி உதைக்கும். அறுப்பு ஓரடி போனதும் அறுவாயில் ஆப்புச் செருக வேண்டும். மேசை ரம்பமானால் ப்ளேடுக்குப் பின்னால் இருக்கும் பிளப்புத் தகட்டைக் கழற்றவே கூடாது. இடையூறு என்று கழற்றி மூலையில் வீசிய தகடுகளைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். பனிமூட்ட மாதங்களில் இன்னொரு தொல்லை: ஈரத்தூள் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும், மெல்லிய ப்ளேடு சூடேறி அலையும், அறுவாய் ஓரிடத்தில் 2 மி.மீ., ஓரிடத்தில் 3 மி.மீ. என்று ஆகிவிடும். பிறகு இழைத்து நேராக்குவதில் மிச்சப்படுத்தியதெல்லாம் சீவலாகப் போகும்.

உங்கள் ரம்பத்தின் அறுவாயை டப்பாவில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து எழுதாதீர்கள். ப்ளேடு இம்மியளவு ஆடினாலும் வழி அகலும். சாணை பிடிக்கப் பிடிக்கப் பல்லின் அகலமும் மாறும். சுமார் 300 மி.மீ. அகலமுள்ள ஒரு துண்டை எடுத்து வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நாலு அறுப்பில் ஐந்தாக்குங்கள். ஐந்தின் அகலத்தையும் கூட்டி முதல் அளவிலிருந்து கழித்து, நாலால் வகுங்கள். முதலில் 300.0, கூட்டுத்தொகை 286.8 என்றால் வித்தியாசம் 13.2, அறுவாய் 3.3. ஒரே ஓர் அறுப்பை அளந்தால் கைப்பிழை அப்படியே எண்ணில் ஏறும், நாலில் அது பகிர்ந்துபோகும்.

அடுத்த பிழை கோடு போடுவதில். 400, 800, 1200 என்று மூன்று கோட்டையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் வலப்பக்கம் ப்ளேடை ஓட்டினால் முதல் துண்டு 400 வரும். இரண்டாவதும் மூன்றாவதும் 396.8 ஆகிவிடும். கோட்டின் நடுவில் ஓட்டினால் ஒன்றுகூட 400 வராது. ஒரு துண்டை அறுத்த பின், புதிய விளிம்பிலிருந்து அடுத்த கோட்டைப் போட வேண்டும். கணினியில் கட்டிங் பிளான் போடுகிறவர்கள் அறுவாய்க் கட்டத்தில் 0 கிடக்கிறதா என்று முதலில் பார்க்கவும். கணினி இயக்கும் சிஎன்சி ரவுட்டரில் அறுப்பதானால் அங்கே ப்ளேடின் எண்ணை வைக்கக் கூடாது. அதில் சுழன்று அறுக்கும் 6 மி.மீ. பிட் தின்பது 6 மி.மீ.

அறுவாயே வேலைக்கு உதவுகிற இடமும் உண்டு. பலகையின் பின்பக்கம் அருகருகே அரைகுறை அறுப்புகள் போட்டு வளைப்பதை அறுவாய் வளைப்பு எனலாம். 18 மி.மீ. ப்ளைவுட்டில் 2 மி.மீ. விட்டு 16 மி.மீ. ஆழம் அறுத்து 90 டிகிரி வளைக்க, அறுவாய்கள் மொத்தம் சுமார் 25 மி.மீ. மூடிக்கொள்ள வேண்டும், 3.2 மி.மீ. ப்ளேடுக்கு 8 அறுப்பு. எண்ணிக்கையைக் குறைத்தால் அறுப்புகள் பாதி வளைவிலேயே மூடிக்கொள்ளும். அதற்குமேல் அழுத்தினால் வெளிப்பட்டை கிழியும்.

தூளைப் பற்றி ஒரு வார்த்தை. குளிருக்கு மரத்தூள் அடுப்பு வைத்திருக்கும் வீடுகளுக்கு ப்ளைவுட் தூளையோ, மர இழையைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையின் தூளையோ கொடுக்காதீர்கள். அதில் ஃபார்மால்டிஹைடு கலந்த பசை இருக்கிறது. மூடிய அறையில் அந்தப் புகை ஆகாது. அசல் மரத்தின் தூளுக்குத் தனிச் சாக்கு வையுங்கள்.

கட்டிங் லிஸ்டில் எழுத வேண்டியது இப்படி: 'அலமாரித் தட்டு, 24 எண்ணம். முடிந்த அளவு 300. முன்விளிம்பில் எட்ஜ் பேண்ட் (ஒட்டும் விளிம்புப் பட்டை) 2. அறுப்பளவு 298. அறுவாய் 3.3. ஷீட்டுக்கு 4 பட்டை, மொத்தம் 6 ஷீட்.'