சிற்றோவியரா, நுண்ணோவியரா?

மினியேச்சர் எனப்படும் சின்னஞ்சிறு படங்களை வரைந்த ஆங்கில ஓவியர் நிக்கோலஸ் ஹில்லியர்டைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் அவரைச் ‘சிற்றோவியர்’ ஆக்கிவிடுகிறார்கள். போன வாரம் மூன்றாவது முறையாகப் படித்தேன். இதற்கு மேல் பேசாமல் இருக்க முடியவில்லை.

மினியேச்சர் என்பதில் ‘மினி’ இருப்பதால் வந்த வினை இது. ஆனால் அந்தச் சொல் பிறந்தது அளவிலிருந்து அல்ல. லத்தீனில் ‘மினியம்’ என்றால் ஈயச் சிந்தூரம். ஏடுகளில் அந்தச் சிவப்பைத் தீட்டும் வேலையிலிருந்து இத்தாலி வழியாக வந்த பெயர். சிறியது என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ஹில்லியர்டே தன் தொழிலை ‘லிம்னிங்’ என்றுதான் எழுதினார். அதுவும் ஏட்டுக்கு வண்ணம் தீட்டுவதைக் குறித்த சொல்தான்.

வேர் கிடக்கட்டும், இன்றைக்குப் பொருள் சின்னப் படம்தானே என்பார்கள். படத்துக்குச் ‘சிறு’ பொருந்தலாம், ஆளுக்குப் பொருந்துமா? சிற்றரசர், சிற்றாள் என்னும்போது நம் காதில் விழுவது அளவா, தகுதிக் குறைவா? எக்ஸிட்டர் நகரத்துப் பொற்கொல்லரின் மகன், லண்டனில் அரசியின் நகைத்தொழிலாளியிடம் வேலை பழகியவர், 1572-லேயே முதலாம் எலிசபெத்தை வரைந்தவர். அவரைப் போய்ச் சிற்றோவியர் என்பதா?

அவர் கைவேலையைப் பாருங்கள். சீட்டுக்கட்டின் அட்டையில் ஒட்டிய மெல்லிய தோல்தான் பரப்பு. படத்தில் மாணிக்கக் கல் காட்ட வேண்டுமானால், மெருகேற்றிய வெள்ளிமேல் நிறமேற்றிய பிசினை வைத்துச் சூடான ஊசியால் உருக்கொடுப்பார். வெள்ளியைத் தேய்க்கச் சிறு விலங்கின் பல். தலைப்பொடுகு படத்தில் விழக்கூடாது, தூசி அதிகம் உதிராத பட்டு உடுத்துங்கள் என்று தன் நூலிலேயே சொல்லிவைத்தார். இதற்குத் தமிழில் ‘நுண்’ என்று பெயர். நுண்ணோவியம், நுண்ணோவியர்.

அரிசியில் வரைவதையல்லவா நுண்ணோவியம் என்கிறோம் என்று ஒரு நண்பர் மறுத்தார். நுண்ணறிவு, நுண்கலை என்பதிலெல்லாம் அரிசியா இருக்கிறது? நுண்மை என்பது கூர்மையும் நேர்த்தியும். ரோஜாச் செடிகளுக்கு நடுவே மரத்தில் சாய்ந்து நிற்கும் இளைஞன் படம் சுமார் 13 சென்டிமீட்டர் உயரம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை அரிசியோடு யார் குழப்பிக்கொள்வார்கள்?

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான்: ஆங்கிலச் சொல்லின் ஒலியைப் பார்க்கிறார்கள், தொழிலைப் பார்ப்பதில்லை. நுண்ணோவியம் வாயில் நுழையாதென்றால் மினியேச்சர் என்றே எழுதுங்கள், குறையில்லை. 1617-இல் ஹில்லியர்ட் கடனுக்காகச் சிறையில் கிடந்தார், 1619-இல் இறந்தார். அந்த மனிதருக்குச் ‘சிறு’ என்ற அடைமொழி வேண்டாம்.