குட்டிப் பொய்க்குரல்

ஆண் பாடகர் ஒருவர் மேல்ஸ்தாயியில் ஏறிக்கொண்டே போகிறார். ஓரிடத்தில் குரல் சட்டென்று உடைந்து, கனம் போய், புல்லாங்குழல்போல மெலிகிறது. இத்தாலியர்கள் இதற்கு வைத்த பெயர் ஃபால்செட்டோ. ‘ஃபால்சோ’ என்றால் பொய். ‘எட்டோ’ சேர்ந்தால் குட்டிப் பொய். ஆங்கிலம் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது, ஜெர்மன் வாலை நறுக்கி ஃபால்செட் என்றது. நம் கர்நாடக சங்கீத ரசிகர்களும் ‘கள்ளக் குரல்’ என்றுதான் முகம் சுளிப்பார்கள்.

சரி, இதில் கள்ளம் எங்கே இருக்கிறது?

குரல்நாண் என்று சொல்கிறோமே தவிர, அது தந்தி இல்லை. தசையின்மேல் சவ்வு போர்த்திய மடிப்பு. அப்படி இரண்டு. ஆண்கள் சாதாரணமாகப் பேசும்போது அந்தத் தசை திரண்டு நிற்கும். தடித்த மடிப்புகள் நொடிக்குச் சுமார் 100 முதல் 120 தடவை ஒன்றோடொன்று மோதி மூடும். மூடும் ஒவ்வொரு முறையும் காற்றோட்டம் வெடுக்கென்று அறுபடுகிறது. அந்த வெடுக்கில்தான் மேற்சுரங்கள், அதாவது மூல சுரத்தோடு கூடவே ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள், ஏராளமாகப் பிறக்கின்றன. குரலின் கனம் என்று நாம் உணர்வது அவற்றைத்தான்.

ஃபால்செட்டோவில் அந்தத் தசை தளர்ந்துவிடுகிறது. குரல்வளையின் வெளிப்பரப்பில் இருக்கும் இன்னொரு தசை மடிப்புகளை நீட்டி இழுக்க, அவை மெலிந்து, ஓரம் மட்டும் வேகமாக அதிர்கிறது. பல சமயம் முழுதாக மூடுவதுகூட இல்லை. நடுவே காற்று கசியும். வெட்டு மழுங்கிவிட்டதால் மேற்சுரங்களும் குறைவு. அவ்வளவுதான். ஒலிப்பது அதே மடிப்புகள். அவற்றுக்கு மேலே ‘பொய்க் குரல்நாண்கள்’ என்றே இன்னொரு ஜோடி உண்டு. பெயர்ப் பொருத்தம் பிரமாதம், ஆனால் ஃபால்செட்டோவை எழுப்புவது அவை அல்ல.

இதையெல்லாம் முதலில் எட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் பாட்டு வாத்தியார். 1854-இல் மானுவேல் கார்சியா பல் மருத்துவரின் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டு, சூரிய ஒளியைப் பாய்ச்சித் தன் குரல்நாண்களையே பார்த்தார். அப்புறம் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார் மனிதர்.

பாடகர்கள் மறைக்கப் படாத பாடு படும் அந்த உடைவை ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் யோடலிங் என்னும் தங்கள் பாட்டுமுறையில் வேண்டுமென்றே போட்டுக் காட்டுகிறார்கள்.

16-ஆம் நூற்றாண்டில், பெண்கள் பாடக்கூடாத வத்திக்கான் சிஸ்டைன் தேவாலயத்தில், மேல்குரல் பகுதிகளை ஸ்பானிய ஆண்கள் ஃபால்செட்டோவில் பாடினார்கள். பிறகு காயடிக்கப்பட்ட பாடகர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 20-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் டெல்லர் அதே குரலைத் தனிக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் ‘பொய்’ ஒட்டிய பெயருக்குப் பதிலாக, கவுண்டர்டெனர் என்ற பழைய பெயரைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டார்கள்.