மதியச் சோற்றுக்குப் பின் பத்து நிமிடம்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் சர்க்கரை நோயாளி ஒருவர், தினமும் காலை 6 மணிக்கு நடைப்பயிற்சி என்று முடிவெடுத்தால் பெரும்பாலும் நிலைப்பதில்லை. நள்ளிரவு வரை ஷிப்மெண்ட் ஏற்றியவரால் விடியலில் எழ முடியாது. சனிக்கிழமை என்றால் சம்பள வேலை. ஆனால் எவ்வளவு நெருக்கடியிலும் மதியச் சாப்பாடு உண்டு, 2 மணிக்கோ 4 மணிக்கோ. அந்தச் சாப்பாட்டை ஒட்டிப் பத்து நிமிடம் நடப்பதுதான் அவருக்கு ஏற்ற பழக்கம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒரு தட்டு அரிசிம்பருப்புச் சாதம் உள்ளே போனதும் அதன் மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் சேர்கிறது. அதைத் தசைக்குள் எடுத்துச் செல்வது குளுட்-4 என்ற புரதம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது இது தசைச் செல்லின் உட்பகுதியிலேயே கிடக்கும். இன்சுலின் வந்து உசுப்பினால்தான் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸுக்கு வழிவிடும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் தசைகள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. இங்கேதான் நடை கைகொடுக்கிறது. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் உசுப்பாமலே வேறொரு வழியில் குளுட்-4 மேலே வந்துவிடுகிறது. தொடையும் கெண்டைக்காலும் பெரிய தசைகள் என்பதால் சாதாரண நடையிலேயே நிறைய குளுக்கோஸைச் செலவழிக்கும்.

எப்போது நடக்கிறோம் என்பதும் முக்கியம். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் 41 பேர் சில நாட்கள் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடந்தார்கள். வேறு சில நாட்கள் ஒவ்வொரு முக்கிய உணவுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தார்கள். உணவுக்குப் பின் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது.

சரி, இது பழக்கமாக எத்தனை நாள் பிடிக்கும்? 21 நாள் என்று பலரும் சொல்வதை நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்த ஆய்வில், 'காலை உணவுக்குப் பிறகு' என்பதுபோல் தினமும் தவறாமல் வரும் ஒரு நிகழ்வோடு புதுச் செயலை இணைக்கச் சொன்னார்கள். அது யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்ட 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுமதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் வரவில்லை. ஷிப்மெண்ட் வாரத்தில் ஒருநாள் தவறினால் "அவ்வளவுதான், போச்சு" என்று விட்டுவிடுகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நடக்கத் தனி இடம் வேண்டாம். கட்டிங்கிலிருந்து செக்கிங், பேக்கிங் என்று கம்பெனிக்குள்ளேயே சுற்றலாம். போனில் பேசிக்கொண்டும் நடக்கலாம். ஆனால் நிற்காமல் நடக்க வேண்டும்.

இன்சுலினோ, கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடையும் மருந்தும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.