அம்பாசிடர் மிஸ் அடிக்கிறதா? கார்புரேட்டரைத் தொடாதீர்கள்

பழைய பெட்ரோல் அம்பாசிடர் பட்டறைக்கு வரும்போது, அதன் கார்புரேட்டரை யாராவது ஏற்கெனவே கழற்றி மாட்டியிருப்பார்கள். எஞ்சின் துள்ளுகிறது, சைலன்சர் வெடிக்கிறது, மேட்டில் இழுக்கவில்லை என்பார் உரிமையாளர். இதுதான் மிஸ் அடிப்பது: ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. நான்கு சிலிண்டர்களில் எது படுத்துவிட்டது என்று கேட்டால் விழிப்பார். அது தெரியாமல் ஸ்பேனரையே எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

வண்டியைத் திறந்தவெளியில், நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்துங்கள். வேட்டி நுனியும் துண்டும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. பெட்ரோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். எஞ்சினை அணைத்து, சிலிண்டருக்குள் பொறி தட்டும் பிளக்குகளில் ஒரே ஒன்றின் வயரைக் கழற்றுங்கள். அதன் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, பிளக்கின் உடல் எஞ்சின் இரும்பில் அழுந்தியிருக்கும்படி கட்டுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து கேளுங்கள். ஓட்டம் முன்பைவிடத் தள்ளாடினால் அது நல்ல சிலிண்டர். எந்த மாற்றமும் இல்லையென்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. ஓடும் எஞ்சினில் வயரை வெறுங்கையால் பிடுங்கும் வீரம் வேண்டாம். அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பானட் அருகிலேயே வர வேண்டாம்.

அடுத்து, அந்தச் சிலிண்டரின் பிளக்கை நல்ல சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் பிளக்தான். நகராவிட்டால் வயரையும், ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டெல்கோவின் (டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியையும் பாருங்கள். மூடியின் உட்புறம் பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கருங்கோடு ஓடினால் மின்சாரம் அந்த வழியாகக் கசிகிறது. துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றத்தான் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் மிஸ் அடிக்கும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தால், வயர்மேல் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

கழற்றிய பிளக் இளம்பழுப்பாக இருந்தால் நலம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை என்று சந்தேகப்படலாம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங், வால்வு விவகாரம்.

சும்மா நிற்கையில் சீராக ஓடி, ஏற்றத்தில் மட்டும் தடுமாறும் வண்டிகள்தான் பலரை ஏமாற்றுகின்றன. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும், அந்த வோல்டேஜை உண்டாக்கும் இக்னிஷன் காயில் நலிந்திருந்தால் அதுவும் அங்கே தோற்றுவிடும். பிளக் இடைவெளி சுமார் 0.6 மி.மீ., டெல்கோவுக்குள் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் இல்லாமல் கண்ணால் அளப்பவர்களை நான் நம்புவதில்லை.

நான்கு சிலிண்டரும் சேர்ந்தே தடுமாறி, பாயிண்ட் கருகி, பொறி மஞ்சளாக வந்தால், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். கடையில் வாங்கிய புதிய கண்டென்சரும் சொத்தையாக இருக்கலாம். ஓடிக்கொண்டிருந்த பழையதை உடனே தூக்கி எறியாதீர்கள்.

வயர்களை டெல்கோ மூடியில் திரும்ப மாட்டும்போது சிலிண்டர் வரிசை 1-3-4-2, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். பொறி நன்றாக வந்தும் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் படுத்திருந்தால் எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். அதற்குமேல் வீட்டில் வைத்து நோண்டாமல் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு, அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கும்.